முகம் கொடுத்துப் பேசாதவர்கள்

ஒருவர் நம்மிடம் அன்பாக இருக்கிறார் என்பதைச் சொல்லத் தமிழில் அழகான வழக்கு ஒன்று உண்டு. "முகம் கொடுத்துப் பேசுகிறார்" என்கிறோம். கை கொடுத்தால் உதவி. காது கொடுத்தால் கவனம். வாய் கொடுத்தால் பெரும்பாலும் வம்பு. முகம் கொடுத்தால்தான் உறவு. தமிழ்நாடு முழுவதும் வழங்குகிற சொல்தான் என்றாலும், பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இதன் எதிர்மறையை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். "மொகங் குடுத்துப் பேசி மூணு மாசமாச்சு" என்று மாமியார் மருமகளைப் பற்றிச் சொல்வாள். அதே வார்த்தையை மருமகள் தன் புருஷனைப் பற்றிச் சொல்வாள். அந்தக் குரலில் பாதி குற்றச்சாட்டு, பாதி ஏக்கம்.

சென்ற ஆண்டு அந்த இரண்டு ஊர்களையும் சேர்ந்த வாசகர்கள் சிலர், தாங்கள் எழுதிய சிறுகதைகளை ஒரு கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருந்தார்கள். படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று என் கவனத்தை இழுத்தது. அந்தக் கட்டில் பல கதைகளில் ஏதோ ஒரு பாத்திரம் பேச்சை நிறுத்திவிட்டிருந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கமாட்டார்கள். அந்த வட்டாரத்து வீடுகளில் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கதை பெரம்பலூருக்கு வடக்கே கரிசல் பூமியில் நடக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற ஒரு குடியானவர், ஒரு நாள் டீக்கடைக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு காட்டுக்குப் போவதையும் நிறுத்துகிறார். மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசைக் கொண்டுவந்து காட்டும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இன்னொரு கதை வெள்ளாற்றங்கரைக் கிராமத்தில். கணவன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்திலிருந்து அவன் மனைவி தொலைபேசியை எடுப்பதில்லை. பிள்ளை அழுதாலும் ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவதுபோல உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாவது கதையில், அரியலூரில் சிமெண்டு ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பேரப்பிள்ளைகளின் சத்தம் பொறுக்கவில்லை என்று மாடியறைக்குப் போகிறார். போனவர் கீழே இறங்குவதே இல்லை.

மூன்று கதைகளின் தொடக்கமும் நன்றாக இருக்கிறது. பரிசைக் காட்டிய பெண் அதை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொள்ளும் இடத்தை நல்ல எழுத்தாளனால்தான் எழுத முடியும். ஆனால் மூன்றும் முடிகிற விதத்தில் எனக்குச் சம்மதமில்லை. குடியானவரின் பெட்டியில் பழைய காதலியின் கடிதம் அகப்படுகிறது. வளைகுடாவில் இருப்பவன் அங்கே வேறொருத்தியோடு வாழ்வது தெரியவருகிறது. பெரியவரின் கையெழுத்தை மகன்கள் ஏமாற்றி வாங்கி வீட்டை எழுதிக்கொண்டது அம்பலமாகிறது. மர்மக் கதையின் கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் அகப்படுவதுபோல, மௌனத்துக்கு ஒரு காரணம் அகப்பட்டுவிடுகிறது. அகப்பட்டவுடன் எழுத்தாளருக்கும் நிம்மதி, வாசகருக்கும் நிம்மதி.

இந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

கதை என்பது காரணம் கேட்கிற கலை. ராஜா செத்தார், பிறகு ராணி செத்தாள் என்றால் நமக்குப் போதாது. ராணி ஏன் செத்தாள் என்று தெரியவேண்டும். ஆனால் மனச்சோர்வு என்று வைத்தியர்கள் சொல்லும் நோய், கதாசிரியனுக்கு ஒத்துழைக்காத நோய். சில சமயம் அதற்குக் காரணம் இருக்கும்: கடன், மரணம், அவமானம், பிரசவம், வேறொரு வியாதி. சில சமயம் கண்ணுக்குத் தெரிந்த காரணம் எதுவும் இராது. இருந்தாலும், காரணத்தின் எடைக்கும் துன்பத்தின் எடைக்கும் பொருத்தம் இராது. நம் எழுத்தாளர்கள் இந்தப் பொருத்தமின்மையைத் தாங்கமுடியாமல் ஒரு குற்றத்தைக் கற்பித்துவிடுகிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களும் இதையே செய்கிறார்கள். ஒரு மனுஷி பேச்சை நிறுத்தினால், அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அன்றைக்கே ஒரு கதாசிரியராகிவிடுகிறார்கள். "என் மேல கோவம்" என்று கணவன் ஒரு கதை எழுதுகிறான். "அவளுக்குத் திமிரு, பொறந்த வீட்டுப் பணத்தெம்பு" என்று மாமியார் ஒரு கதை. "எவனாவது இருப்பான்" என்று தெருவில் இருப்பவர்கள் ஒரு கதை. "நான் சரியாக வளர்க்கவில்லை" என்று அவளைப் பெற்றவள் ஒரு கதை. யாருடைய கதையிலும் அவள் நோயாளி இல்லை. எல்லாக் கதையிலும் அவள் யாருக்கோ ஏதோ செய்கிறவளாகவே வருகிறாள்.

இந்த நோய் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் அல்ல. பாத்திரத்தை எழுத வேண்டியவனுக்கு வேண்டிய அளவு தெரிந்துகொண்டவன். இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் பெரும்பாலான நேரம், மனம் இருண்டு கிடப்பது. முன்பு ஆசையாகச் செய்த எதிலும் ருசி இல்லாமல் போவது. தூக்கமும் பசியும் கெடுவது. எழுந்து குளிப்பதே மலை ஏறுவதுபோல இருப்பது. தான் எதற்கும் லாயக்கில்லை, பிறருக்குப் பாரம் என்று தோன்றுவது. சில சமயம் சாகவேண்டும் என்று நினைப்பது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டில் இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த நோய்க்கு ஆளாகிறார். இத்தகைய மனநோய்கள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை என்றும் அதே ஆய்வு சொல்லிற்று. அந்த 85 பேரும் எங்கே இருக்கிறார்கள்? நம் வீடுகளில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்கள்.

பாரம் என்று நினைக்கிறவன் என்ன செய்வான்? பாரத்தை இறக்கி வைக்கப் பார்ப்பான். தன்னையே பிறர் தோளிலிருந்து இறக்கிக்கொள்வான். அதனால்தான் அவன் டீக்கடையை விட்டு விலகுவதற்கு முன்பே, மகளை விட்டும் மனைவியை விட்டும் மனத்தளவில் விலகத் தொடங்குகிறான். வேண்டாதவர்களோடு இரண்டு வார்த்தை சிரித்துப் பேசிவிடுவான். வேண்டியவர்களுக்குத்தான் முகம் கொடுக்கமாட்டான். ஏனென்றால் அவர்கள் முகத்தைப் பார்ப்பான், பார்ப்பான், அதற்குப் பதில் கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றே அவனுக்குத் தோன்றும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது அன்பு வற்றிப்போனதாகத் தெரிகிறது.

1976-இல் ஜேம்ஸ் காயின் என்ற அமெரிக்க மனவியலாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியின் உள்ளே மட்டும் பார்க்காமல், அவனுக்கும் அவனைச் சுற்றி இருப்பவர்களுக்கும் நடுவில் நடப்பதை அவர் பார்த்தார். நோயாளி ஆறுதலைத் தேடுகிறான். வீட்டார் ஆறுதல் சொல்கிறார்கள். சொன்ன ஆறுதல் பலிப்பதில்லை, மறுபடி சொல்கிறார்கள், சலித்துப்போகிறார்கள். சலிப்பை மறைத்துக்கொண்டு இதமாகப் பேசுகிறார்கள். இதத்துக்குக் கீழே இருக்கும் சலிப்பை நோயாளி கண்டுகொள்கிறான். 'நினைத்தபடிதான்' என்று இன்னும் ஒதுங்குகிறான், அல்லது இன்னும் அதிகமாக ஆறுதல் கேட்கிறான். கடைசியில் அவர்களும் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆக, ஒரு வீட்டில் இரண்டு கதவுகள் சாத்திக்கொள்கின்றன. முதல் கதவை நோய் சாத்துகிறது. இரண்டாவது கதவைச் சாத்துவது, மனம் புண்பட்ட, நல்ல ஆரோக்கியமான மனிதர்கள். நம் கதைகள் முதல் கதவையே வெறித்துப் பார்க்கின்றன. நாவலுக்குரிய விஷயம் இரண்டாவது கதவில் இருக்கிறது என்பது என் கட்சி. ஏனென்றால் நோய்க்கு மனச்சாட்சி கிடையாது. நல்லவர்களுக்கு உண்டு.

இந்தக் கண்ணோடு பழைய இலக்கியத்தைப் பார்த்தால் நமக்கு ஒரு பொக்கிஷம் அகப்படுகிறது. சங்கப் பாட்டுகளின் குறிஞ்சித் திணையில் வெறியாட்டு என்று ஒரு துறை உண்டு. பெண் சோறு உண்ணாமல், உடம்பு மெலிந்து, நிறம் கெட்டு, வாய் பேசாமல் கிடக்கிறாள். தாய் பதறுகிறாள். முருகன் அணங்கியிருக்கிறான் என்று நம்பி வேலனை வரவழைக்கிறாள். களம் இழைத்து, ஆடு அறுத்து, வேலன் ஆடுகிறான். தோழிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஏனென்றால் இது காதலால் வந்த மெலிவு என்று அவளுக்குத் தெரியும். முருகனையே பார்த்து, இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்திருந்தும் இங்கே வந்து நிற்கிறாயே, நீ என்ன அசடா என்கிற தொனியில் தோழி கேட்கும் பாட்டு நற்றிணையில் இருக்கிறது.

ஒரு வீடு ஒரு பெண்ணின் மௌனத்தைத் தவறாக வாசிப்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர்கள் ஒரு துறையாகவே வகுத்துவிட்டார்கள். அதோடு நிற்கவும் இல்லை. தவறைத் திருத்த ஒருத்தியையும் படைத்தார்கள். அவள்தான் தோழி. தலைவியும் அல்லாமல், தாயும் அல்லாமல், நடுவில் நின்று, வீட்டாரிடம் உண்மையைச் சொல்கிறாள். அதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர் வைத்தார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அப்படித் தோழி செவிலித்தாயிடம் பேசுகிற பேச்சுத்தான். அந்தப் பாட்டில் வரும் 99 பூக்களை எண்ணி வியக்கிறோம். ஒரு வீட்டில் உடைந்துபோன பேச்சை ஒட்டவைக்க எழுந்த பாட்டு அது என்பதை மறந்துவிடுகிறோம்.

சங்கத் தலைவியின் மெலிவுக்குக் காதல் என்ற காரணம் இருந்தது; நான் சொல்லும் நோய்க்கு அப்படிச் சொல்லக்கூடிய ரகசியம் இல்லாமல் இருக்கலாம். உண்மைதான். அதனால் இன்றைய தோழியின் வேலை இன்னும் கடினம். "அவளுக்கு ஒருவன் இருக்கிறான்" என்று சொல்வது சுலபம். "ஒருவனும் இல்லை, ஒன்றும் இல்லை, உங்கள் மேல் கோபமும் இல்லை, இது நோய்" என்று சொல்லிப் புரியவைக்கப் பொறுமை வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்கள் இந்தத் துன்பத்தை எங்கே கொண்டுபோகிறார்கள்? காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கிறார்கள். காவிரிக் கரைக் குணசீலத்துக்கு அழைத்துப்போய்ப் பிரசன்ன வெங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைக்கிறார்கள். வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். சிறுவாச்சூர் மதுரகாளியிடம் போகிறார்கள். படித்தவர்கள் இதைக் கேலி செய்வது வழக்கம். எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. கோவில் நோயைத் தீர்க்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. வைத்தியம் வேண்டிய நோய்க்கு வைத்தியம்தான் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து தப்பமுடியாமல் 28 பேர் மாண்டதை யாரும் மறக்கக்கூடாது. சங்கிலியில் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் கோவிலுக்குப் போவதென்றால் கூட ஒருவர் வரவேண்டும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவேண்டும், நடையில் காத்திருக்கவேண்டும். அந்தக் கூடப்போதல் பல வீடுகளில் வேறெந்த வடிவிலும் கிடைப்பதில்லை.

சிறுவாச்சூர்க் கோவிலில் இன்னொரு விசேஷம் உண்டு. வாரத்தில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் வழக்கமாக நடை திறப்பார்கள். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுகிறாள் என்பது ஐதிகம். செவ்வாய்க்கிழமை கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து, அம்மனுக்கு நம்மேல் கோபம் என்று எந்தப் பக்தரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். சாத்திய கதவை அவமானமாக எடுத்துக்கொள்ளாத பக்குவம் அந்த ஊர் மக்களுக்குப் புதிது அல்ல. அதை அம்மனுக்குக் கொடுக்கிறார்கள், மருமகளுக்குக் கொடுப்பதில்லை.

இனி நம்முடைய நவீன கதைகளுக்கு வருவோம். முதலில் ஓர் இடைஞ்சலை ஒதுக்கவேண்டும். சரத்சந்திரரின் தேவதாஸ் நாவலாகவும், 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த தமிழ்ப் படமாகவும் வந்து நம் நெஞ்சில் குடியேறினான். ஒதுங்கிப்போகிற மனிதனைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் தேவதாஸ் வந்து பேனாவைப் பிடித்துக்கொள்கிறான். சோகம் அவனுக்கு ஓர் அலங்காரமாக அமைந்துவிட்டது. அவன் விலக விலக, மற்றவர்கள் அவனை நோக்கி வருகிறார்கள். பார்வதி வருகிறாள், சந்திரமுகி வருகிறாள். வாழ்க்கையில் நடப்பது வேறு. குளிக்காமல், சவரம் செய்யாமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒருவன் மூலையில் கிடந்தால், முதல் மாதம் நாலு பேர் வருவார்கள்; மூன்றாம் மாதம் ஒருவரும் வருவதில்லை. இந்த நோயில் அழகு ஒன்றும் இல்லை.

இதை அறிந்து எழுதியவர்களும் நம்மிடையே உண்டு. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, தீராத நோயாளியான மனைவியோடு வாழ்கிறார். ஊரும் உறவும் எங்கோ தெற்கே. செல்லம்மாளுக்கு வந்திருப்பது உடம்பு நோய். மனமும் அதோடு சேர்ந்து தடுமாறுகிறது. அந்தக் கதையில் பெரிய வசனம் எதுவும் இல்லை. கடைக்குப் போகிறதற்கு முன்னும் வந்த பின்னும் அவர் செய்கிற வேலைகள்தான் இருக்கின்றன. அடுப்பு, வெந்நீர், மருந்து. இரண்டாவது கதவைச் சாத்தாத ஒரு மனிதனை அலட்டல் இல்லாமல் காட்டிவிட்டார் புதுமைப்பித்தன். ஆனால் பிள்ளையைப் பார்க்க ஒருவரும் இல்லை. பார்த்துக்கொள்கிறவனும் எப்படித் தனித்துப்போகிறான் என்பதை அந்தக் கதை சொல்லாமல் சொல்லுகிறது.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1970-களின் தொடக்கத்தில் வந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னைத் தெரு ஒன்றில், சினிமாவை நம்பி ஏமாந்த ஜமுனா இருக்கிறாள். தங்கை சாயா அவளிடம் கோபித்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறாள். சாயா கெட்டவள் அல்ல. அக்காளைத் திருத்த வேறு வழி தெரியாமல் விலகுகிறவள். ஜமுனா சாவின் விளிம்பு வரை போகிறாள். அவளை இந்தப் பக்கம் இழுப்பது யார்? காதலனும் இல்லை, டாக்டரும் இல்லை. அக்கம்பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மா. கிழட்டு நோயாளிக் கணவனோடும் மாமியாரோடும் பள்ளிக்கூட வேலையோடும் மல்லுக்கு நிற்கிற அந்த அம்மாள், ஜமுனாவுக்கு உபதேசமும் செய்வதில்லை, அவளைக் கொஞ்சுவதும் இல்லை. தன் வாழ்க்கையை உள்ளபடி சொல்லுகிறாள். பிறகு ஜமுனா குடத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறாள். சங்க காலத்துத் தோழி, கையில் மாணவர் நோட்டுப் புத்தகங்களோடு நடுத்தர வயதில் திரும்பி வந்தால் எப்படி இருப்பாள் என்று கேட்டால், டீச்சரம்மாவைத்தான் நான் காட்டுவேன்.

மூன்றாவது நாவல் நம் பக்கத்து நிலத்திலேயே விளைந்தது. இமையம் கடலூர் மாவட்டத்துக்காரர். விருத்தாசலத்தில் ரயில் ஏறினால் அரியலூர் வழியாகத்தான் திருச்சிக்குப் போகவேண்டும். அவருடைய 'செல்லாத பணம்' 2018-இல் வெளிவந்து, 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி, இன்ஜினியரிங் படித்தவள், ஆட்டோ ஓட்டும் ரவியை வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தகப்பனார் அவளோடு பேச்சை விட்டுவிடுகிறார். ஆண்டுகள் போகின்றன. பிறகு அவள் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி தீக்காய வார்டின் வாசலில் நடக்கிறது.

ரேவதிக்கு மனச்சோர்வு என்று இமையம் எழுதவில்லை. எழுதாததே சரி, நாவல் மருந்துச் சீட்டு அல்ல. ஆனால் இரண்டு பக்கமும் பேச்சற்றுப்போன ஒரு வீடு என்ன விலை கொடுக்கிறது என்பதற்கு இதற்கு மேல் ஒரு கதை வேண்டியதில்லை. நடேசனுக்கு மகள்மேல் பாசம் போகவில்லை. பேசாமலிருப்பது அவர் மகளுக்கு விதித்த தண்டனையாகத் தொடங்குகிறது. தமக்கே விதித்துக்கொண்ட தண்டனையாகவும் ஆகிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்த பேச்செல்லாம் மருத்துவமனை வாசலில் வெள்ளமாகக் கொட்டுகிறது. எவ்வளவு செலவானாலும் சரி என்று பணத்தைக் கொண்டுவருகிறார்கள். பணம் செல்லவில்லை. காலத்தில் பேசாத பேச்சும் அப்படித்தான் ஆகிறது என்று நான் அந்தத் தலைப்பை வாசிக்கிறேன். ரேவதியிடம் பிரியமுள்ள அண்ணி அந்த வீட்டில் இருக்கிறாள். தோழியாக இருக்க எல்லாத் தகுதியும் உள்ளவள். ஆனால் அந்த வீட்டில் தோழி சொல்லைக் கேட்கும் செவி இல்லை. தோழி இருந்தால் மட்டும் போதாது, செவிலி கேட்கவும் வேண்டும் என்பதை இந்த நாவல் நமக்குச் சொல்லுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். "பேசாதவர்களோடு வாழ்ந்து பார்த்திருக்கிறீரா? பதிலே வராத வீட்டில் எத்தனை நாள்தான் கேள்வி கேட்பது? விலகுகிறவர்களைக் குற்றம் சொல்ல உமக்கு என்ன உரிமை?" என்று ஒரு வாசகி கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. சுவரோடு பேசிப் பேசிச் சலித்தவர்களின் துயரமும் துயரம்தான். அதை எழுத யாரும் முன்வருவதில்லை என்பதே என் குறை. வளைகுடாவில் இருக்கும் கணவனை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து, எட்டுப் பேர் படுக்கும் அறையில் சுவரோரம் நின்று போன் செய்கிறான். மணி அடித்து அடித்து ஓய்கிறது. பத்து நாள் செய்வான். இருபது நாள் செய்வான். இருபத்தோராம் நாள் அவன் போன் செய்யாமல் படுத்துக்கொள்கிறானே, அந்த இரவைத்தான் நான் கதையில் தேடுகிறேன். அவனுக்கு ஒரு கள்ளக் காதலியைக் கட்டிவிட்டதால் அந்த இரவு கதையிலிருந்து தொலைந்துபோயிற்று.

கதைக்கு இத்தனை பொறுப்பு உண்டா, அது என்ன ஆஸ்பத்திரியா என்றும் கேட்கலாம். ஆஸ்பத்திரி இல்லைதான். மருந்தும் மனநல மருத்துவரும் தங்கள் வேலையைச் செய்வார்கள். 14416 என்ற எண்ணை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் யாரும் அழைத்துப் பேசலாம் என்று 2022-ஆம் ஆண்டிலிருந்து ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. ஆனால் அந்த எண்ணை யாராவது ஒருவர் சுழற்றவேண்டுமே? "இது திமிர் இல்லை, வேறு ஏதோ" என்று ஒருவர் மனத்தில் முதலில் படவேண்டுமே? அந்த 'வேறு ஏதோ'வை நம் மனத்தில் விதைப்பது கதை செய்யக்கூடிய வேலை. வாரப் பத்திரிகைக் கதைகளும் தொடர்கதைகளும் அறுபது எழுபது ஆண்டுகளாக நமக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கின்றன? பேசாத மனைவி கோபக்காரி. பேசாத கணவன் துரோகி. பேசாத மாமனார் அவமதிக்கப்பட்டவர். வீட்டார் அவசரமாக எழுதுகிற கதைகளின் அச்சு எங்கிருந்து வந்தது என்று நாம் கொஞ்சம் வெட்கப்பட்டு யோசிக்கலாம்.

கதைக் கட்டைத் திருப்பி அனுப்பியபோது மூன்று எழுத்தாளர்களுக்கும் ஒரே யோசனையைத்தான் எழுதினேன். கடைசிப் பக்கத்துக் குற்றவாளியை எடுத்துவிடுங்கள். காரணம் தெரியாமலே கதை நடக்கட்டும். யாராவது ஒருவரை நடுவில் நிறுத்துங்கள். குடியானவரின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியையாக இருக்கட்டும். ஆலையில் பெரியவரோடு வேலை பார்த்த சிநேகிதராக இருக்கட்டும். அவர்கள் வெற்றி பெறவேண்டும் என்பதில்லை. வரவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை. வெள்ளாற்றங்கரைக் கதையை எழுதியவர் மட்டும் திருத்தி அனுப்பியிருக்கிறார். புதிய வடிவத்தில் கணவனுடைய அக்காள் ஒருத்தி வருகிறாள். அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள், அதிகம் படிக்காதவள். தம்பி மனைவியின் தலையில் எண்ணெய் வைத்து வாரிவிடுகிறாள். அவள் ஒன்றும் பேசவில்லை. இவளும் பேச்சுக் கொடுக்கவில்லை. போன் அடிக்கிறது. அக்காள் எடுக்கிறாள்.

"டேய் தம்பி, அவ உம் மேல கோவமா இல்லடா. அவளுக்கு ஒடம்பு சரியில்ல. புள்ள பெத்தவளுக்கு இப்பிடி வரும்னு நர்சம்மா சொல்றாங்க. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கிட்டுப் போறேன். நீ தெனமும் போன் பண்ணு. அவ எடுக்கலன்னாலும் பண்ணு."

மறுநாள் சாயங்காலம் மறுபடி மணி அடிக்கிறது. அவள் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். எடுத்தாளா இல்லையா என்று எழுத்தாளர் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிட்டார். ஒரு வரிகூட மாற்றவேண்டாம், உடனே பத்திரிகைக்கு அனுப்புங்கள் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன்.